இடது மேலே

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
நைட்டிக் குவியலுக்கு அடியில் கிடந்தது.
"எரநூறுக்கா, ஃபாரின் நைட்டி" என்றான் பையன்.
நூற்று அறுபதில் முடிந்தது.
ஊதா நிறம். ஓரத்தில் இரண்டு வெள்ளை நாரைகள்,
மூன்றாவதை யாரோ இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கியிருந்தார்கள்.

மின்துறை அலுவலகம் விட்டு வந்ததும்
முத்தியால்பேட்டை மாடிவீட்டில்
கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி,
அரிசி டப்பாமேல் செல்போனை நிறுத்தினேன்.
காணொளியில் ஒருத்தி கட்டக் கட்ட நானும் கட்டினேன்.
அவள் பேசியது ஒன்றும் புரியவில்லை.
கைகள் பேசியது புரிந்தது
என்றுதான் நினைத்தேன்.

துணி என்னைவிட நீளம்.
வெட்ட வேண்டாமாம், தைக்க வேண்டாமாம்;
மிச்சத்தை இடுப்பில் மடித்து
நாடாவால் இறுக்கினால் போதுமாம்.
பழைய பாவாடைகளிலிருந்து இரண்டு நாடா உருவினேன்.
பட்டைக்கு,
கோயில் பாடகர் குழுவில் கொடுத்த மஞ்சள் துப்பட்டா,
நாலாக மடித்து.

விரல்கள் தாமாகக் கொசுவம் தேடின.
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
ஒன்று, இரண்டு என்று
கொஞ்சம் காற்றை மடித்துவிட்டு நிறுத்தினேன்.
இதில் கொசுவமே கிடையாது.
சேலை நடக்க நடக்க வழிவிடும்.
இது முழங்காலைப் பிடித்துக்கொண்டு
அப்படி என்ன அவசரம் என்கிறது.

படம் எடுத்து மரி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்.
ஒசாக்காவில் முதியோர் இல்லத்தில் வேலை அவளுக்கு.
நீல டிக் விழுந்தது. உடனே அழைப்பு.
"ஏ அமலா, கழட்டுடி மொதல்ல!
வலது மேல வந்திருக்கு. அது பொணத்துக்கு.
போன வாரம்தான் பன்னெண்டாம் ரூம் அம்மாவுக்கு
அப்படிக் கட்டி அனுப்புனோம்."

எதிரே நின்றவளைக் கண்ணாடி என்று எண்ணிவிட்டேன்.
அவளுடைய இடது என் வலதுக்கு வந்துவிட்டது.
அப்படியென்றால் ஏழு மணியிலிருந்து ஒன்பதரைவரை
செத்துப்போயிருக்கிறேன்.
செத்தபடியே ரசம் வைத்தேன்,
கதவிடுக்கு வழியாகக் கேபிள்காரருக்குக் காசு கொடுத்தேன்.
உப்பு பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குக் கடைசிச் சேலை நான் கட்டியது.
கருநீலம், ஆறு கஜம்.
கொசுவம் வைக்கப் போனேன்.
"எதுக்குடி, நடக்கவா போறா?" என்றாள் சின்னம்மா.
சும்மா சுற்றினோம்.
அன்று மடிக்காமல் விட்டது
இந்த விரல்களுக்கு மறக்கவில்லை போல.

கழற்றினேன். ஸ்டெல்லா போனில் இருக்க
மறுபடி போட்டேன்.
வலது உள்ளே. இடது மேலே.
"இப்ப உசுரோட இருக்கியா?"
"இருக்கேன்."
"சரி, பட்டைய முன்னால முடி.
மூச்ச உள்ள இழு. வலப்பக்கமா அப்படியே பின்னால திருப்பு."

முதல் தடவையிலேயே வந்துவிட்டது.
"எப்படிடி?" என்றாள்.
முடிச்சை முன்னால் போட்டு
முதுகுக்குத் தள்ளிவிடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.
நான் பார்க்க முடியாது,
மற்ற எல்லோரும் பார்ப்பார்கள்.
பதினோரு வருடமாக அப்படித்தான் அலுவலகம் போகிறேன்,
அவர் போன பிறகு.
இதையெல்லாம் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.
"என்னமோ வந்துச்சு" என்றேன்.

ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலை.
வண்டிகள் விடாத நேரம்.
காலில் ஹவாய் செருப்பு,
அது ஒன்றுதான் சரியில்லை.
கடற்காற்று கீழ்மடிப்பை விலக்கிப் பார்த்தது;
முந்தானைக்குப் போகும் அதே கை
யோசிக்காமல் போய் இடதைப் பிடித்துக்கொண்டது.
சின்னச் சின்ன அடி. பழைய கலங்கரை விளக்கம்வரை
வழக்கமாக ஐந்து நிமிடம்;
இன்று பதினைந்து.

எதிரே வந்த நடைப்பயிற்சிக்காரர்
காதுக் குல்லாயைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"கராத்தே கிளாஸாம்மா?"

ஆமாம் என்றேன்.
இப்போதைக்கு மஞ்சள் பெல்ட்தான்.